ஜோடி மாறாத மரப்பாச்சிகள்

மரப்பாச்சிப் பொம்மையை எந்தக் கடையிலும் ஒற்றையாகத் தர மாட்டார்கள். ஆண் ஒன்று, பெண் ஒன்று, ஜோடியாகத்தான் விற்பார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் என் சித்தி மகள் உமா கலிபோர்னியாவிலிருந்து போன் செய்து, "அக்கா, கொலு வைக்கப் போறேன். மரப்பாச்சி வேணும், ரெண்டுமே பொண்ணா வாங்கி அனுப்பு" என்றாள். நானும் வெள்ளந்தியாக மதுரைக் கோயிலுக்கு எதிரே இருந்த பொம்மைக்கடையில் அப்படியே கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜோடியப் பிரிச்சா எங்க கை வெளங்குமா டீச்சர்? வேணும்னா ரெண்டு ஜோடியா எடுத்துக்கங்க."

இரண்டு ஜோடியும் வாங்கி, பழைய துண்டில் சுற்றி, தெரிந்த பையன் ஒருவனின் பெட்டியில் திணித்து அனுப்பினேன். அந்த இரண்டு பெண் பொம்மைகளும் யார் என்று உமா அடுத்த மாதம்தான் சொன்னாள். ஒன்று அவள், இன்னொன்று லிண்டா. இருவரும் கல்யாணம் செய்துகொண்டுவிட்டார்கள். நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு, "சரிடி, பொம்மைக்கு என்ன கலர்ல சேலை கட்டினே?" என்று கேட்டேன். அவள் அந்தப் பக்கம் அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை தெரியாது.

இந்த ஜூன் மாதம்தான் அந்தப் பொம்மைகளை மறுபடி பார்க்க வாய்த்தது. உமா இருக்கும் சன்னிவேல் பக்கத்தில் ஒரு சின்ன நூலகம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளும் உரிமைக்காக ஜனங்கள் அலைந்த காலத்தில், அவரவர் கையால் செய்து வீட்டில் பத்திரப்படுத்திய பொருட்களையெல்லாம் அங்கே ஒரு நாள் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள். ஏற்பாடு லிண்டாவுடையது. "பொம்மையை வாங்கித் தந்தவளும் காட்சிப் பொருள்தானே, கிளம்பி வா" என்றாள் உமா. ஓய்வுபெற்ற பூகோள டீச்சருக்கு இதைவிட மரியாதையான அழைப்பு வராது.

சன்னிவேலில் முதல் நாள் காலை எல் கமினோ ரியல் சாலையில் இட்லி சாப்பிடப் போனோம். நம்மூரில் கல்யாணப் பந்திக்குக்கூட அப்படி வரிசை நிற்காது. எல்லாம் கம்ப்யூட்டர் பிள்ளைகள், கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கம். இட்லி நன்றாகவே இருந்தது. சாம்பாரில் யாரோ சர்க்கரையைப் போட்டிருந்தார்கள். காபி அட்டைக் கோப்பையில் வந்தது. டபரா கேட்டேன். கல்லாவில் இருந்த பெண், "ஆன்ட்டி, டபரா வீக்கெண்ட் மட்டும்தான்" என்றாள். டபராவுக்கும் வார விடுமுறை உண்டு என்று அன்று அறிந்தேன்.

வீட்டுக்குத் திரும்பினால் சாப்பாட்டு மேசை முழுக்க லிண்டாவின் சேகரம். பழைய சாமான் கடை மாதிரி இருந்தது. ஒரு குடை, பின்னல் தொப்பி, பீட்சா டப்பாவைக் கிழித்து எழுதிய தட்டி, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கைப்பிடித்துணி. இதையெல்லாம் பார்க்கவா விமானம் ஏறி வந்தேன் என்று மனசுக்குள் ஓடியதை மறைக்க மாட்டேன்.

லிண்டா குடையை விரித்தாள். உள்பக்கம் நகப்பூச்சால் பெயர்கள், சிவப்பிலும் ரோஸிலும், ஜோடி ஜோடியாக. முதல்முறை இங்கே பதிவுக்கு அனுமதி தந்தபோது நகர மன்றத்தைச் சுற்றி வரிசை நின்றதாம். கொட்டும் மழை. எப்போது கதவைச் சாத்துவார்களோ என்று யாரும் வரிசையை விட்டு நகரவில்லை. குடை வைத்திருந்த ஒரு பெண்மணி, தன் முறை முடிந்து வெளியே வந்ததும் அதை அடுத்த ஜோடிக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போயிருக்கிறாள். அவர்கள் உள்ளே பெயர் எழுதி அடுத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அப்படியே கை மாறி மாறி உமாவிடம் வந்து சேர்ந்தபோது துணியில் இடமே இல்லை. உமாவும் லிண்டாவும் கம்பியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தார்கள்.

"அந்தக் கல்யாணம் அத்தனையும் செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சுக்கா. குடைல இருக்கிற யார் கல்யாணமும் அப்ப செல்லல" என்றாள் உமா. "அப்புறம் மறுபடி குடுத்தாங்க, மறுபடி நிறுத்தினாங்க. நாங்க நடுவுல இருந்த கேப்ல இன்னொரு தடவை பண்ணிக்கிட்டோம்."

ஒரே ஆளை இரண்டு முறை கல்யாணம் செய்துகொள்ள மழையில் நிற்பவர்களை நான் கண்டதில்லை. நம்மில் பலர் முதல் முறைக்கே தாமதமாகத்தான் மண்டபத்துக்கு வருவோம்.

அடுத்து லிண்டா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைத் திறந்து காட்டினாள். உள்ளே கல்யாணக் கேக்கின் மேல் வைக்கும் குட்டி பொம்மைகள், இரண்டு மாப்பிள்ளைகள், தோளோடு தோள் ஒட்டியபடி. நடுவில் பசை வழிந்து காய்ந்திருந்தது. அவள் சொன்னதை உமா தமிழில் சொன்னாள். "அந்தக் காலத்தில் கடையில் மாப்பிள்ளையும் பெண்ணுமாகத்தான் விற்பார்கள். இதைத் தந்தவர்கள் இரண்டு ஜோடி வாங்கி, ரம்பத்தால் அறுத்து, மாப்பிள்ளைகளை மட்டும் எடுத்து ஒட்டிக்கொண்டார்கள்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இங்கே கேக் கடை, அங்கே பொம்மைக்கடை. கடல் கடந்து இரண்டு ஊர்க் கடைக்காரர்களும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். வாங்க வந்தவர்களும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெண் பொம்மைகளை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். ஒரு தோழியின் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

"நம்ம மிச்ச ரெண்டும்?" என்றேன்.

உமாவின் முகம் மாறியது. மிச்சமான இரண்டு ஆண் மரப்பாச்சிகளும் டெக்சாஸில், பேர்லேண்ட் என்ற ஊரில் இருக்கின்றன என்றாள். ரகு, செல்வன் என்று அவளுக்கு இரண்டு நண்பர்கள். ரகு திருச்சிக்காரர், எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியர். செல்வன் யாழ்ப்பாணத்துக்காரர், அறுவை சிகிச்சை டாக்டர். வெகு வருடம் ஒன்றாக வாழ்ந்து, நாடு முழுவதும் சட்டம் வந்த பிறகு பதிவு செய்துகொண்டவர்கள். ஒரு நவராத்திரிக்கு வந்தபோது, செருப்பு டப்பாவில் கிடந்த இரண்டு ஆண் பொம்மைகளையும் பார்த்து, "இவை எங்களுடையவை" என்று எடுத்துப் போனார்களாம். போன வருடம் செல்வன் இறந்துவிட்டார். நான்கு பொம்மைகளையும் ஒன்றாக வைக்க உமாவுக்கு ஆசை. ரகு பார்சலில் அனுப்ப மாட்டேன் என்கிறார். காட்சியின் வேலை இருப்பதால் இவர்களால் நகர முடியாது.

"பேர்லேண்ட்ல மீனாட்சி கோயில் இருக்காமே" என்றேன். மதுரைக்காரி டெக்சாஸ் போக வேறு காரணம் வேண்டியதில்லை.

அமெரிக்க வரைபடம் போடச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் டெக்சாஸை மட்டும் துணி காயப்போட்ட மாதிரி தொங்கவிடுவார்கள். அது எவ்வளவு பெரிது என்று விமானத்திலிருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. கதவு திறந்ததும் அக்னி நட்சத்திரத்து மதுரை முகத்தில் அடித்தது. ஏதோ சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

ரகு காரோடு வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நான்கு நாள் தாடி. துக்கம் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். "அக்கா, சீட் பெல்ட்" என்றார். ஃப்ரீவேயில் மறுபடி ஆரம்பித்தேன். ஏ.சி.யைக் கூட்டவா என்று கேட்டார். வீட்டில் மூன்றாம் முறை முயன்றபோது மிக்ஸியைப் போட்டுவிட்டார். மிக்ஸி நின்றபோது எனக்குத் தைரியம் போய்விட்டது. தேங்காய்ச் சட்னி மட்டும் அருமையாக இருந்தது.

மறுநாள் காலை அவர் தூங்கட்டும் என்று கோயிலுக்கு நடந்தே கிளம்பினேன். பக்கம்தான் என்று யாரோ சொன்னது கார்க்காரர்களின் பக்கம். நடைபாதை ஓரிடத்தில் சட்டென்று முடிந்து புல்லாகிவிட்டது. ஒரு கார் நின்றது. ஒரு வெள்ளைக்கார அம்மாள், "நீங்கள் தொலைந்துவிட்டீர்களா? யாருக்காவது போன் செய்யவா?" என்று கேட்டாள். நடக்கிறேன் என்றேன். "ஏன்?" என்றாள், உண்மையான கவலையோடு. கடைசியில் அவளே ஏற்றிக்கொண்டு போய்க் கோபுர வாசலில் இறக்கிவிட்டாள். மாசி வீதியில் சந்தனமும் தூசியுமாகப் பார்த்த மீனாட்சியை, கார் நிறுத்தும் மைதானத்துக்கு நடுவே, பளிச்சென்ற வெள்ளை வெயிலில் பார்த்தேன். அதே கிளி, அதே ஒயில். இவளும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே என்று கும்பிட்டபடி நின்றேன். ஏன் சொல்லாமல் போனேன் என்று ரகு கோபித்துக்கொண்டே வந்து அழைத்துப் போனார். அந்தக் கோபத்தில்தான் அவர் கொஞ்சம் பேச ஆரம்பித்தார்.

சாப்பிட்ட பிறகு பொம்மைகளை எடுத்து வந்தார். கருத்த மரத்தில் சாண் உயர ஆண்கள் இருவர். வெள்ளைப் பட்டு வேட்டி, பச்சைக் கரை, தோளில் துண்டு. இருபது வருடத்துக்கு முன் நான் துண்டில் சுற்றி அனுப்பிய அதே மொண்ணை மூக்குகள்.

"ரெஜிஸ்டர் பண்றதுக்கு முந்தின நாள் செல்வன் தச்சான். என் பட்டு வேட்டியக் கிழிச்சுட்டான், கேக்கவே இல்ல" என்றார். "பாருங்க, ஓரத்தப் பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரே நூலில் ஓடும் சாதாரணத் தையல் இல்லை. ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு, ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஒன்று அவிழ்ந்தாலும் பக்கத்தில் இருப்பது நிற்கும்.

"அவனுக்குத் துணி தைக்கத் தெரியாதுக்கா. ஆளத் தைக்கத்தான் தெரியும். ஆஸ்பத்திரில போடற தையல அப்படியே போட்டுட்டான்."

நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்தபடியே இருந்தவர், வேட்டி ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு சொன்னார்: "இதக் குடுத்துட்டா அவன் கை வச்சது எங்கிட்ட வேற எதுவும் இல்லக்கா. மத்ததெல்லாம் டொரண்டோலேந்து அவங்க அண்ணன் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு."

நான் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரில ஹஸ்பெண்ட்னு கையெழுத்துப் போட்டது நான்தான். அதுக்குச் சட்டம் இருந்துச்சு. அப்புறம் சாவுக்கு அவ்வளவு ஜனம் வந்தாங்க. எல்லாரும் நேரா அண்ணன்கிட்ட போயித் துக்கம் கேட்டாங்க. எங்கிட்ட வந்து, 'தம்பி, காபிக்குச் சர்க்கரை எங்க இருக்கு'ன்னு கேட்டாங்க. எடுத்துக் குடுத்தேன். அவங்களுக்கு நான் ரூம்மேட். தப்புச் சொல்ல முடியாது, நாங்களும் யார்கிட்டயும் சொன்னதில்லயே. கல்யாணத்துக்குச் சட்டம் வந்துடுச்சுக்கா. துக்கம் கேக்கறதுக்கு எங்க போயிக் கேஸ் போடறது?"

பொம்மையைக் கேட்க வந்த காரியமே வெட்கமாக இருந்தது. "வேண்டாம்ப்பா, உள்ள வச்சிரு. உமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

காலையில் நான் பெட்டியோடு வந்தால் அவர் தன் பெட்டியோடு நின்றார். தோளில் ஒரு துணிப்பை, அதில் பொம்மைகள். "பார்சல்ல விட மாட்டேன். நானே கொண்டு வந்து, நானே திரும்பக் கொண்டு வந்துடறேன்" என்றார்.

விமான நிலையச் சோதனையில் துணிப்பையைத் தனியே ஒதுக்கினார்கள். கையுறை போட்ட ஒரு பெண் காவலர் துண்டைப் பிரித்தார். வேட்டி கட்டிய கருப்பு மனிதர்கள் இருவரையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் இவர்கள்?" என்று கேட்டார்.

ரகு வாயைத் திறந்தார், மூடினார். "பொம்மைகள்" என்றார்.

"யாரோ நிறையப் பொறுமையாகத் தைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் பழையபடியே, குழந்தைக்குப் போர்த்துவது போலச் சுற்றிக் கொடுத்தார். விமானம் ஏறும்வரை ரகு துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

காட்சி சனிக்கிழமை. நூலகக் கூடத்தில் நீள மேசைகள், மடக்கு நாற்காலிகள், வாசலில் எலுமிச்சைச் சாறு. இவ்வளவு கூட்டம் வரும் என்று லிண்டாவே எதிர்பார்க்கவில்லை. குடைக்குக் கீழே நின்று அண்ணாந்து, தங்கள் பெயரைத் தேடி இருவர் வந்தார்கள். கண்டுபிடித்ததும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேக் பொம்மைகளுக்கு முன்னால் கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர் வெகு நேரம் இருந்தார். பாத்திரம் இறக்கும் கைப்பிடித்துணியைப் பார்த்து ஒரு பெண் விம்மி அழுதாள். கடையில் வாங்கிய தங்கத்தைப் பார்த்து இப்படி யாரும் அழுது நான் கண்டதில்லை. சாமான் கடை என்று நினைத்தேனே, அதை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வாய் மூடிச் சுற்றி வந்தேன்.

நம் பொம்மைகள் ஓரத்து மேசையில், சின்னக் கொலுப்படியில் நின்றன. சேலை கட்டிய இருவர் ஒரு பக்கம், வேட்டி கட்டிய இருவர் மறுபக்கம். ரகு பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு இந்தப் பக்கம்.

பிற்பகலில் ஒரு மாமி வந்தார். பட்டுச் சேலை, மேலே ஸ்வெட்டர், காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடும் பூட்ஸ். புத்தகம் எடுக்க வந்தவர், மரப்பாச்சியைக் கண்டு உள்ளே நுழைந்திருக்கிறார். முகம் மலர்ந்துபோய் அருகில் வந்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"அடடா, ஜோடிய மாத்தி வச்சிருக்காளே. பாவம், இவாளுக்கு என்ன தெரியும்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே, தொடாதீர்கள் என்று எழுதியிருந்ததைச் சட்டை செய்யாமல், வேட்டி கட்டியதில் ஒன்றை எடுத்துச் சேலைக்காரியின் பக்கத்தில் வைக்கப் போனார்.

"ஆன்ட்டி." ரகு எழுந்துவிட்டார். "ஆன்ட்டி, மாறல. அது அப்படித்தான்."

"இல்லப்பா, மரப்பாச்சின்னா ஆம்பிளையும் பொம்மனாட்டியுமா..."

"தெரியும் ஆன்ட்டி. இதோ இருக்கே, இது நான். உங்க கைல இருக்கறது என் ஹஸ்பெண்ட்."

கூடத்தில் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு மட்டும் எல்லாம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மாமி கையில் இருந்த பொம்மையைப் பார்த்தார். ரகுவைப் பார்த்தார். பிறகு சுற்றியிருந்த மேசைகள், குடை, கேக் பொம்மைகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். இது என்ன இடம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்:

"அவர் வரலயா?"

"போன வருஷம் தவறிட்டாரு ஆன்ட்டி."

மாமி பொம்மையை இருந்த இடத்திலேயே, ரகுவின் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தார். கலைந்திருந்த தோள் துண்டைச் சரி செய்தார். ஒரு மடக்கு நாற்காலியை இழுத்து ரகுவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பை மடியில் சேர்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எப்படிப்பா ஆச்சு?"

ரகு தன் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். பிறகு சொன்னார். காலையில் நன்றாகத்தான் கிளம்பினான், தயிர் சாதம் கட்டிக் கொடுத்தேன், டப்பாவை மறந்துவிட்டுப் போய் மறுபடி வந்து எடுத்தான், ஒரு ஆபரேஷனை முடித்துவிட்டுக் கை கழுவும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டான், நான் ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டேன், போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார். தயிர் சாத டப்பா திறக்காமலே திரும்பி வந்ததையும் சொன்னார். மாமி குறுக்கே பேசவில்லை. நடுநடுவே "ம்" கொட்டினார். "ஐயோ பாவமே" என்று ஒரு முறை சொன்னார். "நீ வேளைக்குச் சாப்பிடறியா?" என்று கடைசியில் கேட்டார். ரகு தலையாட்டினார்.

வாசலில் யாரோ, "அம்மா, கார் வந்தாச்சு" என்று கூப்பிட்டார்கள். மாமி எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தையும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

வழியனுப்பப் பாதி எழுந்த ரகு அப்படியே நின்றார். "என்னக்கா, ஆன்ட்டி சொல்லிக்காமலே போறாங்க?"

"துக்கம் கேட்டுட்டு யாருப்பா போயிட்டு வர்றேன்னு சொல்லுவாங்க" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து, மாமி போட்டுவிட்டுப் போன நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். எல்லாவற்றையும் இப்போதுதான் பக்கத்திலிருந்து கேட்டிருந்தேன். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டேன்.

ரகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காலைல நல்லாத்தான்க்கா கிளம்பினான்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.